மண்டிக்கு வந்த சாரை

தியாகதுருகத்தில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் கவுஸ் பாஷா, மூட்டைகளுக்கு நடுவே ஒரு சாரைப்பாம்பைப் பார்த்து அலறிவிட்டார். தீயணைப்புக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போய் மலைக்காட்டில் விட்டார்கள். அதன்பிறகு எலிகள் கூட்டமாக வந்து சாக்குகளைக் கடித்துக் குதறின.

"அது இருந்தவரைக்கும் ஒரு எலியாவது வந்துச்சாங்க? நீங்கதான் தொரத்தி வுட்டீங்க," என்றாள் மனைவி நூர்ஜகான்.

"பாம்பைப் பார்த்தா வேற இன்னா பண்றது?"

மழைக்காலத்தில் இன்னொரு சாரை, பக்கத்துக் கழனியிலிருந்து வந்து மண்டி வாசலில் தலையை நீட்டியது. மூட்டை தூக்கும் சிவசங்கர் கழியை ஓங்கினார்.

"அடிக்காதப்பா! வழி வுடு, உள்ள போவட்டும்!" என்று கத்திக்கொண்டே பாஷா மேசைமேல் ஏறி நின்றுகொண்டார்.

நூர்ஜகானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பயம் இன்னும் போவலியா?"

"அது எங்க போவும்? அதுவும் இருக்கட்டும், பாம்பும் இருக்கட்டும்."