ஒரு கியூப்கூடத் தோற்கவில்லை

பதினோரு மாதத்தில் நாலு தளம் போட்டுவிட்டோம். ஒரு கியூப்கூடத் தோற்கவில்லை. மற்றவர்களுக்கு அது சந்தோஷம். எனக்குத்தான் சந்தேகம்.

கியூப் என்றால் கையகல இரும்பு அச்சில் வார்க்கிற கான்கிரீட் கட்டி. தளம் போடும் அன்று, கொட்டுகிற கலவையிலேயே கொஞ்சம் எடுத்து அச்சில் குத்தி நிரப்புவார்கள். மறுநாள் உரித்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். ஏழாம் நாள் மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரத்தில் நொறுங்குகிறதோ அதுதான் நம்பர். நம்பர் தேறினால் சென்ட்ரிங் மேஸ்திரியான நானும் என் ஆட்கள் பத்துப் பேரும் தளத்துக்கு அடியில் போய், அதுவரை அதைத் தாங்கி நின்ற முட்டுகளைத் தட்டி எடுப்போம். தலைக்கு மேல் எத்தனை டன் என்று அங்கே நின்று எவனும் யோசிப்பதில்லை. நம்பரை நம்பி நுழைகிறான், வெளியே வந்து பீடி பற்றவைக்கிறான்.

நம்பர் எழுதுகிறவர் என் அக்கா வீட்டுக்காரர். இந்த வேலையில் அவரைச் சேர்க்கச் சொல்லி இன்ஜினியரிடம் நின்றவன் நான். புதிதாக வருகிறவன் முட்டுக்கு அடியில் தயங்கினால், "டெஸ்ட் பண்றது எங்க மாமாடா, வா" என்பேன். அவனும் வருவான்.

ஐந்தாம் தளத்தன்று கலவை லாரி இரண்டு மணி நேரம் தாமதம். கலவை இறுகிவிட்டது. டிரைவர் ஹோஸைச் சொருகித் தண்ணீரைப் பீய்ச்சினான். தண்ணீர் கூடினால் பலம் போய்விடும் என்று திட்டினேன், கேட்கவில்லை. இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது, மழையிலும் தளம் போட்டிருக்கிறோம். எல்லாமே தேறியது. நாற்பது பிள்ளைகள் படிக்கிற வகுப்பில் நாலு பேராவது தோற்பார்கள். இங்கே ஒருவன்கூட இல்லை என்றால் பரீட்சை நடந்ததா என்றுதானே கேட்கத் தோன்றும்?

அன்று சாயங்காலம் மணலில் பெயருக்குச் சிமென்ட் தூவி நானே மூன்று கியூப் வார்த்தேன். வெளியே மட்டும் சிமென்ட் பால் பூசினேன், பார்வைக்கு ராஜா மாதிரி இருந்தன. இரண்டு நாள் கழித்துத் தொட்டியிலிருந்த உண்மையான மூன்றையும் எடுத்து என் பலகைக் கொட்டகையில் ஒரு வாளித் தண்ணீரில் மறைத்தேன். அவற்றின் மேலிருந்த எழுத்தை அப்படியே பார்த்து எழுதி, என்னுடையதைத் தொட்டியில் போட்டேன்.

ஏழாம் நாள் மத்தியானம் மாமா எழுதின டெஸ்ட் சீட்டு வந்தது. தேறியது. மூன்றுமே தேறியது.

தொட்டிக்குள் கையை விட்டேன். என் மூன்று கட்டியும் போட்டது போட்டபடி அங்கேயே கிடந்தன. மெஷினைப் பார்த்தேன். நசுக்குகிற இரண்டு தட்டுக்கும் நடுவில் சிலந்தி வலை.

மாமா மேசையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள, சாப்பிட்டியா?"

"மெஷின் எப்ப கடைசியா ஓடுச்சு மாமா?"

என் நனைந்த முழங்கையைப் பார்த்தார். மறைக்கவில்லை. அந்த அளவுக்கு என்னைச் சொந்தக்காரனாக நினைத்தார்.

"ரெண்டாவது தளத்துல ஒண்ணு தோத்துச்சு. சொன்னா வேலை நிக்கும், உன் ஆளுங்க பட்டினி கிடப்பானுங்க. தேறிச்சுன்னு எழுதினேன். முட்டு எடுத்தீங்க, ஒண்ணும் ஆகலை. அப்புறம் எதுக்கு நசுக்கிட்டு உக்காரணும்?"

"இப்ப வந்த நம்பர்?"

"இருபது வருஷம் கான்கிரீட்டோட கிடந்தவன். பாத்தா தெரியாதா? இதுவரைக்கும் எதாவது விழுந்துச்சா?"

"விழலை."

"அப்ப நம்பர் சரி."

"விழுந்திருந்தா?"

"முட்டுகளை நீ அவசரமா எடுத்திருப்பே. இல்ல, எவனாவது பாரம் ஏத்தியிருப்பான்."

"நின்னாலும் நீங்க சரி, விழுந்தாலும் நீங்க சரி. எது நடந்தா உங்க நம்பர் தப்புன்னு ஒத்துக்குவீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

சிரித்தார். "சுத்தியல் பிடிக்கிறவன் வக்கீலுக்குப் படிக்கிறியா? நாளைக்குத் தைரியமா எடு. நான் சொல்றேன்ல."

அந்த "நான் சொல்றேன்ல"வில்தான் மூணு மாடிக்கு நாங்கள் உயிரை வைத்திருந்தோம்.

மறுநாள் காலையில் ஆட்களை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. ஊசியைக் காணோம். ஊசி மாமாவின் சொந்தத் தம்பி. மெலிந்த ஆள் என்பதால் அந்தப் பெயர், மற்றபடி இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். பார்த்தால் கீழே தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னை யாருடா இங்க விட்டது?"

"அண்ணன்தான். முட்டு எடுக்கிற அன்னைக்கெல்லாம் எதாவது ஒரு வேலை வெச்சிருக்கும். எனக்கென்ன, நிழல்ல வேலை" என்று பல்லைக் காட்டினான்.

நான் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். ஊசி என் செட்டில் சேர்ந்த பிறகு போட்ட மூன்றாம் தளம், கம்பி எண்ணப் போனான். நாலாம் தளம், ஊசி பெயின்ட் வாங்கப் போனான். இரண்டு நாளும் மாமா கொடுத்த சீட்டை நம்பி முதல் முட்டைத் தட்டியவன் நான்.

ஆட்களை உட்காரச் சொன்னேன். இன்ஜினியர் வேகமாக வந்தார், பின்னாலேயே மாமா. தொட்டியிலிருந்த என் மூன்று கட்டியையும் இன்ஜினியர் காலடியில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். அவித்த கிழங்கு மாதிரி உதிர்ந்தது.

"இதுக்குத்தான் சார் நேத்து தேறிச்சுன்னு சீட்டு."

மாமா முந்திக்கொண்டார். "கியூபை மாத்தியிருக்கான் சார். இது திருட்டுத்தனம். தளம் கல்லு மாதிரி இருக்கு. இவனை அனுப்பிட்டு வேற செட்டைக் கூப்பிடுங்க, ஒரு மணி நேர வேலை."

நேற்று மறைக்காமல் சொன்ன வாய் அது.

"நீ மாத்தினியா?" என்றார் இன்ஜினியர்.

"மாத்தினேன் சார். உண்மையான மூணும் என் கொட்டகையில வாளித் தண்ணில இருக்கு. என்னை வெளிய அனுப்புங்க, பரவாயில்லை. அதை நசுக்கிப் பாக்காம எவனையும் உள்ள அனுப்பாதீங்க."

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு செட்டைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்போது ஊசி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நடந்தது பாதிதான் அவன் காதில் விழுந்திருக்கும்.

"வேற செட்டு எதுக்கு சார்? அண்ணன்தான் கல்லுன்னு சொல்லுதே. சுத்தியலைக் குடுங்க மேஸ்திரி, முதல் முட்டை நான் தட்டுறேன்." மாமாவிடம் திரும்பினான். "போகட்டுமாண்ணே?"

மாமா தம்பியைப் பார்த்தார். பிறகு தளத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வேணாம்" என்றார். "நீ வேணாம்."

இன்ஜினியர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தளத்துக்கு அடியில் யாரும் நுழையாதபடி கயிறு கட்டச் சொன்னார்.

நான் கயிற்றைக் கட்டினேன். மாமா அங்கேயே நின்றார். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் அக்காவுக்கும் ஒரே ஒரு தம்பிதான், நான்.