அப்பாசாமியை வழியனுப்பிய டீசல்

1

இந்தக் கதை தேரடி வீதியில் ஒரு துணிக்கடையில் பிறந்தது. துண்டு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் பொன்னாடைகளைக் கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க இத்தனை?"

"எம்.எல்.ஏ. அசெம்ப்ளிக்குப் போறாருங்க. வழியனுப்பணும்ல?"

வேலைக்குப் போகிறவருக்கு எதற்கு வழியனுப்பு என்ற எரிச்சலோடு செங்கம் சாலையில் இருக்கும் என் வாடகை அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். சட்டமன்றத்தை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "நாடே இருளில் மூழ்கியிருந்த அந்த ——"

வேண்டாம். மூழ்கவில்லை. கீழே காபிக் கடை திறந்தே இருக்கிறது. [அங்கே வெளிநாட்டுக்காரர் இருவர் தியானத்தில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கதையில் சேர்க்கப் போவதில்லை.]

இரண்டாவது: போர். நெருக்கடி நிலை அறிவித்தாயிற்று. டீசலுக்கு ரேஷன். விடுமுறையில் இருந்த சட்டமன்றத்தை அவசரமாகத் திரும்பக் கூட்டுகிறார்கள். ஒரே ஒரு பிற்பகல் அமர்வு. இருக்கிற டீசல் எந்த வேலைக்கு எவ்வளவு என்று அங்கே முடிவாகும்.

எந்த நாட்டோடு போர் என்று கேட்காதீர்கள். எனக்கு டீசல் தீர வேண்டும், அவ்வளவுதான்.

3

என் கதையின் எம்.எல்.ஏ. அப்பாசாமியை முதலில் லஞ்சப் பேர்வழியாக எழுதினேன். சுலபமாக வந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். இப்போது அவர் முட்டிவலிக்காரர். நல்லவர் என்றும் சொல்ல வரவில்லை. எம்.எல்.ஏ. ஆன நாளிலிருந்து சபையில் வாய் திறந்ததில்லை.

வேங்கிக்காலில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பச்சையம்மாள் வந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி.

"நெல்லு முத்தி சாஞ்சி கெடக்குதுங்க. அங்க இங்க கேட்டு ஒரு கேன் டீசல் சேத்துட்டேன், என் கழனிய அறுத்துடுவேன். ஊர்ல மத்தவங்க என்னாத்த பண்ணுவாங்க? அறுப்பு மிஷினுக்கு டீசல் குடுக்கச் சொல்லிப் பேசுங்கய்யா. மழை வரப்போவுது."

"பேசறேம்மா" என்றார். அன்று குளியலறையில் "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். தன் குரல் தனக்கே பிடித்துப்போனதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

4

புறப்பட்ட காலையில் அவர் ஜீப்புக்குப் பின்னால் நீளமாகக் கார்கள் வந்தன. ஊருக்கு ஊர் நிறுத்தம், ஊருக்கு ஊர் பொன்னாடை. கீழ்பென்னாத்தூரில் இறங்கியபோது கழுத்து வியர்த்துக் கொட்டியது. கூட்டத்தில் பச்சையம்மாள் நின்றாள். கையில் காலிக் கேன்.

"மோட்டார் கொட்டாயில வெச்சிருந்தேங்க. காலைல பாத்தா இப்பிடி இருக்குது."

கிளைச் செயலாளர் குமரேசன் [துணிக்கடையில் நான் பார்த்தவர்தான், பெயர் மட்டும் என்னுடையது] தலையைச் சொறிந்தான். மறைக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நான்தாங்க எடுத்தேன். தலைவர் தனியா போனா நம்ம ஊருக்குத்தானே அசிங்கம்? நமக்காகத்தானே பேசப் போறாரு, திருப்பி ஊத்திக்கலாம்னு எல்லா வண்டிக்கும் பிரிச்சி ஊத்திட்டேன்."

"வண்டியில மிச்சம் இருக்குதாய்யா?" என்று கேட்டார் அப்பாசாமி.

"இதுவரைக்கும் வர்றதுக்குத்தாங்க ஊத்துனது. எல்லாம் காலி."

அப்பாசாமிக்கு அவனை அறையத் தோன்றியது. ஆனால் அவன் போர்த்திய பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது. திண்டிவனம் திசையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நீங்க பேசுறது பெரிசுதாங்க, இல்லன்னு சொல்லல" என்றாள் பச்சையம்மாள். "எனக்கு இந்தக் கேன ரொப்பிக் குடுத்துட்டுப் போங்க."

டீசல் அப்பாசாமியின் ஜீப்பில் மட்டும் இருக்கிறது. சென்னை போகச் சரியாக இருக்கும். காலை பஸ் போயாயிற்று, வேறு பஸ் கிடையாது.

"இப்பக் கெளம்புனாத்தான் சபைக்குப் போவ முடியும்ங்க" என்றார் டிரைவர் தசரதன்.

5

முடிவு அ: அவர் போகிறார். பேசுகிறார். கேட்டார்களா என்று ——

முடிவு ஆ: டீசலைக் கொடுத்துவிடுகிறார். அவள் நெல் வீடு சேர்கிறது. மற்றவர்கள் நெல்லுக்காகப் பேச யாரும் இல்லாமலே சபை கலைகிறது. மறுநாள் செய்தித்தாளில் அவருடைய காலி நாற்காலி.

முடிவு இ: மழையே வரவில்லை. இதை எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினேன். காலையில் கிழித்துப் போட்டேன். அது எனக்கு நானே போர்த்திக்கொண்ட பொன்னாடை.

6

களைத்துவிட்டேன். அப்பாசாமியும்தான். அவர் ஜீப்பில் ஏறவில்லை, டேங்கைத் திறக்கவும் சொல்லவில்லை. சபையில் உட்கார்ந்த மாதிரியே நிற்கிறார்.

எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. பிறகு, அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்கிறேன், கோபம் போய்விடுகிறது. ஒரு கழனியா, ஊர்க் கழனி எல்லாமுமா என்று அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு நான் முடிவு பண்ணுவது சரியில்லை. ஓட்டுப் போட்டவர் நீங்கள். வழியனுப்ப வந்த கார்களில் ஒன்று உங்களுடையதாகவும் இருக்கலாம்.

தசரதன் ரப்பர் குழாயை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பச்சையம்மாள் ஜீப்புக்குப் பக்கத்தில் கேனை வைத்துவிட்டாள். மூடி அவள் கையில் இருக்கிறது. அவள் அப்பாசாமியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், உங்களைத்தான் பார்க்கிறாள்.

தூறல் போடுகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.