கடைசி இரண்டு விரல்கள்

நான்காவது இன்னிங்ஸ் முடிந்து வெஸ்டன் லைக்கர் பேஸ்பால் மைதானத்தின் நடுமேட்டிலிருந்து இறங்கி வந்தபோது, வலைக்குப் பின்னால் நின்ற, கிளப்புகளுக்கு ஆள் பார்க்க வந்த பதின்மூன்று பேர் பந்தின் வேகத்தை அளக்கும் வேகமானிகளைத் தாழ்த்திவிட்டு ஒரே எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். மணிக்குத் தொண்ணூற்றாறு மைல். பதினேழு வயதுப் பையனுக்கு, அதுவும் குளிர்காற்று முகத்தில் அறையும் ஏப்ரல் மாதத்து மேற்குக் கான்சஸில், அது பெரிய எண். பதினான்காவது ஆளான ராய்ஸ் டாக்கெட் எதையும் எழுதவில்லை. பையனின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எறிகிற கை அது. பையன் தொப்பியை இடது கையால் கழற்றினான். தண்ணீர் பாட்டிலை இடது கையால் வாங்கினான். வலது கை தொடைக்குப் பின்னால் மறைந்தபடி, விரல்களை விரித்து மடக்கி விரித்து மடக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது இன்னிங்ஸுக்குப் பிறகு அவன் முழங்கையை முறுக்கி எறியும் வளைபந்து ஒன்றுகூட எறியவில்லை. பந்து பிடிப்பவன் இரண்டு முறை சைகை காட்டிக் கேட்டான். இரண்டு முறையும் இவன் தலையாட்டி மறுத்துவிட்டான்.

பக்கத்தில் நின்ற வேறொரு கிளப்காரர், "என்ன ராய்ஸ், பேனா தீந்துபோச்சா, கண்ணு தீந்துபோச்சா?" என்றார். ராய்ஸ் சிரித்துவைத்தார். அவருக்கு அறுபத்தொரு வயது. கான்சஸ், நெப்ராஸ்கா இரண்டிலும் இருபத்தேழு வருடமாகப் பள்ளிக்கூடப் பையன்கள் பந்தெறிவதைப் பார்த்து கிளப்புக்குச் சொல்வதுதான் பிழைப்பு. இடுப்பு வலிக்கு மாத்திரை, விடுதிகளின் சின்னச் சின்ன சோப்புக்கட்டிகள், காரிலேயே ஆறிப்போகும் காப்பி. மனைவியிடம் தொலைபேசியில் பேச இருவருக்குமே விஷயம் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவருடைய வயதுக்காரர்களான இரண்டு பேரைப் போன வருடம் கிளப் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இவருடைய ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது.

அன்று காலைதான் தலைமை அலுவலகத்திலிருந்து பிரெஸ்டன் அழைத்திருந்தான். அவருடைய மேலாளர்; அவர் மகனைவிட இளையவன். பந்தின் வேகம், சுழற்சி, பையனின் தோள் கோணம் எல்லாமே இங்கே திரையில் இருக்கிறது, நீங்கள் வீட்டுக்குப் போய் ஆட்கள் எப்படி என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றான். சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தானே நேரில் வருவதாகவும், ஜூலையில் கிளப்புகள் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இவனை முதல் சுற்றிலேயே எடுக்க நினைப்பதாகவும் சொன்னான். வைக்கும்போது, "நீங்க அங்க என்ன பார்த்தாலும் அது நமக்கு மட்டும்தான், ராய்ஸ். வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது," என்றான். ராய்ஸுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தேழு வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பையனைப் பற்றியும் எதுவும் கசிந்ததில்லை. அது ஒன்றுதான் அவருக்கு இந்தத் தொழிலில் இருந்த பெருமை.

ஆட்டம் முடிந்து ஆறு மணிக்கு லைக்கர் வீட்டுக்குப் போனார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல் வீட்டைத் துடைத்துவைத்திருந்தார்கள். அம்மா ஜோலீன், முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் வைத்த பீரோக் ரொட்டிகளை அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்து அடுக்கியிருந்தாள். அப்பா மார்வின் கால்நடை லாரி ஓட்டுகிறவர். கழுவிய தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. கை குலுக்கிவிட்டு உட்காரும்போது அவருடைய இடது கட்டைவிரல் ஒரு பக்கமாக வளைந்திருப்பதை ராய்ஸ் கவனித்தார். கேட்காமலே மார்வின் சொன்னார். பையனுக்கு எட்டு வயதானதிலிருந்து தினமும் மாலை அவன் எறியும் பந்தைப் பிடித்ததில் மூன்று முறை முறிந்த விரல் அது. பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் எறிமேடு ஒன்று கட்டியிருக்கிறார். அதற்கான களிமண்ணை வேறு மாவட்டத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தாராம். திரும்பும் வழியில் மழை பிடித்து, மண் இறுகி, கடப்பாரையால் இடித்துத்தான் இறக்க வேண்டியிருந்ததாம். சொல்லும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து ராய்ஸ் தட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டார். படிப்பு, தூக்கம், தோற்ற அன்றைக்கு வீட்டில் எப்படி இருப்பான். பிறகு, குரலை மாற்றாமல், எங்கேயாவது வலி உண்டா என்றார்.

பையன் வாயைத் திறப்பதற்குள் மார்வின், "ஒரு நாள்கூட வலின்னு சொன்னதில்லைங்க. கல்லு மாதிரி உடம்பு," என்றார்.

வெஸ்டன் ரொட்டியை இடது கையால் பிய்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஜோலீன் பால் குவளையைக் கொண்டுவந்து, அவனுடைய இடது பக்கத்தில் வைத்தாள். மற்ற எல்லோருக்கும் வலது பக்கத்தில் வைத்திருந்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தவள் ராய்ஸின் கண்களைச் சந்தித்தாள். பிறகு அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். ஏற்கெனவே துடைத்துப் பளபளவென்றிருந்த அடுப்பு.

சாப்பாடு முடிந்ததும், மேட்டைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று வெஸ்டனே கூப்பிட்டான். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவிலிருந்த மாட்டுப்பட்டியின் நாற்றம் காற்றில் வந்தது. பையன் மேட்டின்மேல் ஏறாமல் ஓரமாக நின்றான்.

"நீங்க பார்த்துட்டீங்கல்ல, சார்."

"எதை?"

"கையை. எல்லாரும் என் பந்தைப் பார்த்தாங்க. நீங்க பந்தைப் பார்க்கவே இல்ல."

பையன் தானாகவே சொல்லிக்கொண்டு போனான். பிப்ரவரியிலிருந்து இப்படி. முழங்கையின் உள்பக்கம் சூடு வைத்தாற்போல் இருக்கும். பிறகு சுண்டுவிரலும் அடுத்த விரலும் மரத்துப்போகும். முதலில் ஒரு மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும், இப்போதெல்லாம் மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் திரும்புகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

பேச்சின் இந்தக் கட்டத்துக்கு ராய்ஸ் வேறு பையன்களோடு பலமுறை வந்திருக்கிறார். அடுத்து என்ன வரும் என்று தெரியும். "இதை நான் எழுதாம விட்டுடணும், அதானே?"

"இல்ல சார்," என்றான் வெஸ்டன். "நீங்க அப்பாகிட்ட சொல்லணும்."

ராய்ஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னா, பையன் கைவிட்டுட்டான்னு ஆயிடும். அப்பா திட்ட மாட்டார். திட்டினாக்கூடப் பரவால்ல. பேசாம இங்க வந்து இந்த மேட்டைப் பார்த்துட்டு நிப்பார். என்னால அதைப் பார்க்க முடியாது. நீங்க சொன்னா, அது பெரிய இடத்துலேருந்து வந்த பேச்சா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "சனிக்கிழமை நான் எறிஞ்சா முழங்கைக்குள்ள நார் அறுந்துடும் சார். எனக்குத் தெரியுது."

இந்த விஷயம் இப்போது கிளப்பின் சொத்து. பிரெஸ்டன் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவான்; வேறு யாராவது இந்தப் பையனை எடுத்து ஏமாறட்டும் என்று சத்தம் காட்டாமல் ஒதுங்கிக்கொள்வான். அது தப்பும் இல்லை, தொழில். "அது என் வேலை இல்ல தம்பி," என்றார். "அப்பாகிட்ட நீதான் பேசணும்."

"சரிங்க சார்," என்றான் பையன். கெஞ்சவில்லை. சுவரில் சாய்த்திருந்த மண்வாரியை எடுத்து, அன்று யாருமே மிதிக்காத அந்த மேட்டைச் சமப்படுத்தத் தொடங்கினான். மண்வாரியின் பிடியை வலது கையின் மூன்று விரல்கள்தான் பற்றியிருந்தன.

ராய்ஸ் காரை நோக்கி நடந்தார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். இனி ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும், விடுதிக்குப் போய் அறிக்கை எழுத வேண்டும். அந்த நேரத்தில் அவர் மனதில் நியாயம், தர்மம் என்று பெரிதாக எதுவும் ஓடவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொரு பையனுடைய கையின் ரகசியத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு இன்னொரு சாலையில் போக உடம்பில் இடமில்லை என்று தோன்றியது. கதவை மூடிவிட்டுத் திரும்பினார்.

மார்வின் முற்றத்தில் லாரிச் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராய்ஸ் அவரைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துவந்தார். மகனுக்கு எதிரே நிறுத்தினார்.

"உங்க ரெண்டு விரலை நீட்டுங்க, மார்வின். வெஸ்டன், வலது கை. கடைசி ரெண்டு விரலால மட்டும் பிடி. மத்த விரல் படக்கூடாது."

பையன் பிடித்தான். மார்வினுக்கு இது ஏதோ கிளப்புகளின் பரிசோதனை என்று பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று, பெருமையோடு காத்திருந்தார்.

"ம், இறுக்குடா," என்றார்.

"இறுக்கிட்டுத்தான்பா இருக்கேன்."

மார்வின் கீழே பார்த்தார். மகனுடைய முன்கை நரம்பு புடைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. அவருடைய விரல்களின்மேல் அந்த இரண்டு விரல்களும், காற்றில் வந்து ஒட்டிக்கொண்ட சருகுபோல் கிடந்தன. அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"எப்பலேருந்து?"

"பிப்ரவரி."

"பிப்ரவரியிலேருந்து நான் தினம் பிடிச்சிட்டிருக்கேன்," என்றார் மார்வின், யாரிடமோ சொல்வதுபோல். பிறகு ராய்ஸிடம் திரும்பினார். "எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டீங்க. அப்பவே தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"இனி யாரும் இவனை எடுக்க மாட்டாங்க."

"இந்த ஜூலையில மாட்டாங்க," என்றார் ராய்ஸ். ஆறுதலுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. மார்வின் கொட்டகைக்குள் போனார். உள்ளே ஏதோ இரும்புச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. ராய்ஸ் காரை எடுக்கும்போது ஜோலீன் கார் ஜன்னலருகே வந்து நின்றாள். நன்றி சொல்லவில்லை. "மருத்துவர்கிட்ட நாளைக்கே கேட்டுடறேன்," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை இரண்டு ஆட்டங்கள். பெயர்ப் பட்டியலில் வெஸ்டன் இல்லை என்று தெரிந்ததும் பெரிய கிளப்புகளின் மேலாளர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பிரெஸ்டன் ராய்ஸின் அறிக்கையை வெள்ளிக்கிழமையே படித்துவிட்டான். வலைக்கருகே வந்து, குடும்பத்துக்கு யார் சொன்னது என்று கேட்டான்.

"நான்தான்."

பிரெஸ்டன் சேறு படிந்த தன் புதுக் காலணிகளைப் பார்த்தான். கெட்டவன் இல்லை. "எனக்கு எழுதியிருந்தீங்களே, ராய்ஸ். அதோட விட்டிருக்கலாம்," என்றான்.

"விட்டிருக்கலாம்."

"அக்டோபர்ல பேசுவோம்," என்று சொல்லிவிட்டு அவனும் போனான்.

முதல் ஆட்டத்தில் வெஸ்டனுக்குப் பதிலாகக் கண்ணாடி போட்ட ஒரு குட்டைப் பையன் எறிந்தான். எழுபத்திரண்டு மைல் இருக்கும். வேகமானியை யாரும் தூக்கவில்லை. ராய்ஸ் கடைசிவரை பார்த்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய இடைவேளையில் கிளம்பிவிடலாம் என்று வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

அவருடைய காருக்குப் பக்கத்தில் ஆட்டம் பார்க்க வந்த லைக்கர்களின் சின்ன டிரக் நின்றிருந்தது. முன்னிருக்கையில் வெஸ்டன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். வலது கை, மடித்துவைத்த போர்வைமேல், குழந்தையைக் கிடத்தியதுபோல் கிடந்தது. மார்வின் வெளியே, திறந்த ஜன்னலருகே நின்றிருந்தார். மேற்கு வெயில் நேராகப் பையனின் முகத்தில் விழும் இடம். தொப்பியைக் கழற்றிக் கையை உயர்த்தி அந்த வெயிலை மறைத்துப் பிடித்திருந்தார். கை வலித்தபோது தொப்பியை மறு கைக்கு மாற்றினார். ராய்ஸைப் பார்த்தார். தலையசைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ராய்ஸ் கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே உட்கார்ந்தார். இரண்டு லட்சம் மைலுக்குமேல் ஓடிய கார். எஞ்சினைக் கிளப்பினால் உறுமும். சாவியைத் திருகப் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே முன்னால் பார்த்தபடி, பையன் தானாக விழிக்கும்வரை காத்திருந்தார்.