ரெண்டு சம்பந்தி வேணும்

குறடுக்காரருக்கு கனெக்டர் என்றாலே ஆகாது.

குறடுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். நாற்பது வருஷமாக வயரிங் வேலை. கையில் குறடு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவர் பெண்டாட்டியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

கனெக்டர் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குழாய், அதற்கு மேலே வெள்ளை பிளாஸ்டிக் சட்டை. இந்தப் பக்கம் ஒரு வயரை நுழைத்து ஒரு ஸ்க்ரூவைத் திருகு. அந்தப் பக்கம் இன்னொரு வயரை நுழைத்து இன்னொரு ஸ்க்ரூவைத் திருகு. அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். அதுதான் குறடுக்காரருக்குப் பிடிக்கவில்லை. வயரைச் சீவி, இரண்டு முனையையும் சேர்த்து, குறடால் கிறுகிறுவென்று முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றினால்தான் அவருக்கு அது வேலை. இரண்டு பேர் கட்டிப் பிடித்து நிற்கிற இடத்தில் மூன்றாவதாக ஒருத்தன் எதற்கு என்பது அவர் கட்சி. நடுவில் நிற்கிற எவனையும் அவர் நம்பியதில்லை. வீட்டுத் தரகர், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன், கனெக்டர், எல்லாம் அவருக்கு ஒரே சாதி.

அந்தத் தெரு ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு வாயாடி. அவர்தான் கனெக்டருக்கு சம்பந்தி என்று பெயர் வைத்தார்.

"பின்ன என்னங்க? ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்காங்க. ஆனா ஒருத்தர் மேல ஒருத்தர் படமாட்டாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா திருகு. சம்பந்தி இல்லாம இது வேற என்ன?"

பெயர் ஒட்டிக்கொண்டது. வயரிங் ஆட்கள் எல்லாரும் "பத்து சம்பந்தி குடுங்க" என்றுதான் கேட்பார்கள். குறடுக்காரர் மட்டும் கேட்கமாட்டார். "எனக்கு நிஜத்துல ஒரு சம்பந்தி இருக்கறதே போதும்" என்பார்.

நிஜ சம்பந்தி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். குறடுக்காரரின் ஒரே மகளை அந்த வீட்டில்தான் கொடுத்திருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு முன் அறையில் குறடுக்காரர் ஒரு மின்விசிறி மாட்டிக் கொடுத்தார். பழைய வீடு, உள்ளே அலுமினிய வயர். அதோடு புதுச் செம்பு வயரை வழக்கம்போல முறுக்கி விட்டார். அலுமினியமும் செம்பும் நேராகப் பட்டால் முறுக்கு தளர்ந்து சூடேறும். சில வாரத்தில் கூரையிலிருந்து புகை வந்தது. புகை வந்த நேரம் வீடு நிறைய விருந்தாளிகள். கண்டக்டர் எல்லார் முன்னாலும், "உங்க கை பட்டது எதுவும் இனிமே இந்த வீட்டுல வேணாம்" என்று சொல்லிவிட்டார். "என் காலும் படாது" என்று குறடுக்காரர் குறடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அதோடு சரி. மகள் இருக்கிற வீட்டுக்குப் போக முடியாமல் போயிற்று. அவளாக வந்தால்தான் பார்ப்பது. வெளியே வீறாப்பு. உள்ளுக்குள் அந்த வீட்டுத் தெருவழியாகப் போகிற ஒவ்வொரு தடவையும் ஆள் ஒரு சுற்று இளைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மகள் தையல் கடை போடுகிறாள். காலையில் திறப்பு. வயரிங் வேலையை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, "எங்க அப்பா செய்வாரு" என்று மாமனார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கண்டக்டர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "எரியட்டும் பாக்கலாம்" என்றாராம். விளக்கு எரியட்டும் என்றாரா, கடை எரியட்டும் என்றாரா என்று குறடுக்காரருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. இங்கே வேலை சுத்தமாக நின்றால் அந்த வீட்டு வாசல் திறக்கும். சொதப்பினால் அது திறக்கவே போவதில்லை.

மகள் போன வாரமே ஒரு டப்பா கனெக்டரைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பெரிசும் சிறிசுமாக இரண்டு அளவு.

"அப்பா, கடை முழுக்க துணி. அதுவும் அடுத்தவங்க துணி. இங்க முறுக்குற வேலை வேணாம். இதைப் போட்டுச் செய்யுங்க."

"சரிம்மா" என்று வாங்கிய குறடுக்காரர் அதை வீட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு மறந்துபோனார். மறந்தார் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார்.

திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லா வேலையும் முடிந்தது. மகளும் மருமகனும் நூல்கண்டு, பொத்தான் வாங்கப் போயிருந்தார்கள். குறடுக்காரர் எல்லா விளக்கையும் போட்டு, இஸ்திரிப் பெட்டியையும் சொருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். கடை ஜொலித்தது. "எவன் சொன்னான் என் கைக்கு ஆகாதுன்னு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

சுவர் பதில் சொல்லவில்லை. கூரை சொன்னது. வெளியிலிருந்து வரும் பழைய லைனும் உள்ளே போட்ட புது வயரும் சேருகிற இடத்திலிருந்து லேசாக ஒரு வாடை. ரப்பர் தீய்கிற வாடை.

மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். டேப்பு இளகி விரலில் ஒட்டியது. பழைய லைனில் இரண்டு வயர், இரண்டும் அலுமினியம். புதுசு செம்பு. அதே கூத்து. பிரித்து மறுபடி முறுக்கலாம் என்று குறடை வைத்தார். அலுமினியம் பட்டென்று ஒடிந்தது. இன்னொரு தடவை சீவினார். இன்னொரு தடவை ஒடிந்தது. கடைசியில் லைன் வருகிற பைப்புக்கு வெளியே நகக்கண் அளவு முனைதான் மிச்சம். அதை முறுக்க முடியாது, கடவுளே இறங்கி வந்து குறடைப் பிடித்தாலும் முடியாது. கனெக்டருக்குள் நுழைத்தால் மட்டும் பிடிக்கும்.

ஹார்டுவேர் கடை நாலு கடை தள்ளித்தான். ஆனால் அந்த வாயாடியிடம் போய் "சம்பந்தி குடு" என்று எப்படிக் கேட்பது? ஏணி மேல் நின்றபடியே பெண்டாட்டிக்குப் போன் போட்டார். கனெக்டர் என்று ஒரு நாளும் அவர் வாயில் வராது. தெரு மொழிதான் வந்தது.

"ரெண்டு சம்பந்தி வேணும்."



"என்ன வேணும்னீங்க?"

"சம்பந்தி, சம்பந்தி! காது அடைச்சுப் போச்சா? பொண்ணு குடுத்த சம்பந்தி!"

பொண்ணு கொடுத்த டப்பாவைத்தான் அவர் சொன்னார். பொண்ணைக் கொடுத்த இடம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? இந்த வீட்டில் கனெக்டர் பேச்சும் கிடையாது, அதன் பட்டப்பெயரும் கிடையாது.

"இப்பவேவா?" என்றாள். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பின்ன அடுத்த மாசமா? இத்தனை நாளா வேணாம் வேணாம்னு ஒதுக்கி வச்சாச்சு. இன்னிக்கு அது இல்லாம ஆகாது. பெருசு ரெண்டும் வரணும்."

"பெரியவங்க ரெண்டு பேருமா?"

"பெருசுதான். சின்னதை வச்சுக்கிட்டு ஒண்ணும் கிழிக்க முடியாது."

"ஐயோ, மாப்பிள்ளையை அப்படிச் சொல்லாதீங்க."

"என்ன? சரியாக் கேக்கல. இங்க பாரு, முனை ஓஞ்சு போச்சு. இனிமே அது வந்து கெட்டியாப் பிடிச்சாத்தான் உண்டு."

"ஓஞ்சு போச்சுன்னெல்லாம் பேசாதீங்க" என்று அவள் அழ ஆரம்பித்தாள். "நீங்க முதல்ல உக்காருங்க. நான் அவங்களோட வர்றேன்."

"ஏணி மேல நிக்கிறவன் எங்கடி உக்கார்றது?" என்று கேட்பதற்குள் போன் அணைந்தது. கனெக்டருக்கு எதற்கு அழுகை என்று அவருக்கு விளங்கவில்லை. பெண்பிள்ளைகள் சமாசாரம் என்று விட்டுவிட்டார்.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டபோது அவர் முகம் கூரையைப் பார்த்திருந்தது. ஒரு கையில் இரண்டு வயர் முனை. மறு கையைக் கீழே நீட்டி விரித்தார்.

"குடு."

கையில் ஏதோ வந்தது. கனெக்டர் இல்லை. ஒரு கை. அதற்கு மேல் இன்னொரு கை. இரண்டும் சேர்ந்து அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"சம்பந்தி" என்று ஒரு குரல் தழுதழுத்தது.

குறடுக்காரர் குனிந்து பார்த்தார். கீழே கண்டக்டர். இஸ்திரி போட்ட சட்டை, தண்ணீர் தொட்டு வாரின தலை. பின்னால் அவர் சம்சாரம். அதற்கும் பின்னால் தன் சொந்தப் பெண்டாட்டி, முகமெல்லாம் பல்லும் கண்ணீருமாக.

"நீங்களாக் கூப்பிடுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல" என்றார் கண்டக்டர். "நான் இல்லாம வேலை ஆகாதுன்னு சொன்னீங்களாமே."

நடந்தது என்ன என்று குறடுக்காரருக்கு இப்போதுதான் விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். கையைப் பிடித்தாயிற்று. வாசல் திறந்த மாதிரிதான். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார்.

"சரி, போடுங்க பாப்போம்" என்றார் கண்டக்டர் உற்சாகமாக. "விளக்கு எப்படி எரியுதுன்னு."

"கரண்ட் இல்ல."

"பக்கத்துக் கடையில எரியுதே?"

"அது... அவங்களுக்கு மட்டும் இருக்கு."

கண்டக்டர் முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவர். ஏணி மேல் இருந்த முகத்தைப் பார்த்தார். கூரையில் தொங்கின கருகின டேப்பைப் பார்த்தார்.

"முறுக்குனீங்களா?"

"முறுக்குனேன்."

"சூடாச்சா?"

"ஆச்சு." இனி மூடி வைத்து என்ன பிரயோஜனம் என்று குறடுக்காரர் மிச்சத்தையும் கொட்டிவிட்டார். "இன்னொண்ணும் கேட்டுக்கங்க. நான் உங்களைக் கூப்பிடவே இல்ல. நான் கேட்டது பித்தளை சம்பந்தி. வயரைச் சேக்குற சாமான். எங்க தெருவுல அதுக்கு அப்படித்தான் பேரு. இந்த மகராசி உங்களைக் கூட்டிட்டு வந்து நிக்கிறா."

"நீங்கதான பெருசு ரெண்டும்னு சொன்னீங்க!" என்றாள் பெண்டாட்டி.

கண்டக்டர் கையை விட்டார். முகம் இறுகிப்போயிற்று. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "கிளம்பலாம்" என்று சம்சாரத்திடம் சொன்னார்.

அந்த அம்மா கிளம்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

"வண்டியில வர்ற வழியெல்லாம் இவரு ஒத்திகை பாத்தாரு சம்பந்தி! 'போனதைப் பேச வேணாம்'னு முதல்ல சொல்லணுமா, கடைசியில சொல்லணுமான்னு என்னைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தாரு."

"நீ சும்மா இரு."

"எதுக்கு சும்மா இருக்கணும்? ஒரு வருஷமா முன் ரூம்ல விசிறி இல்லாம வெந்துக்கிட்டு கெடக்குறேன்."

குறடுக்காரர் ஒரு படி இறங்கினார். "ஏன்? வேற ஆளைக் கூப்பிட வேண்டியதுதான?"

கண்டக்டர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கூப்பிட்டேன். வந்தான். மேல பாத்துட்டு, 'எந்தப் பேக்கு இப்படி முறுக்குனது'ன்னு சிரிச்சான். எங்க சம்பந்தியைச் சொல்ல நீ யாருடான்னு விரட்டி விட்டுட்டேன்."

குறடுக்காரர் இன்னொரு படி இறங்கினார். ஏணிக்கு ஒரு கால் ஆடிற்று.

"அவன் சொன்னதுல தப்பில்ல" என்றார் குறடுக்காரர்.

"தப்பில்லதான். நான் சொல்லலாம், அவன் சொல்லக்கூடாது." கண்டக்டர் செருப்பை மாட்டினார். "அந்த சாமான் எங்க கிடைக்கும்?"

"நாலு கடை தள்ளி. பெருசு ரெண்டு. என் பேரைச் சொல்லிடாதீங்க."

கண்டக்டர் போன வேகத்தில் திரும்பி வந்தார். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டாராம். "வேற யாருக்கு, எங்க சம்பந்திக்குத்தான்" என்று இவர் சொல்ல, "சம்பந்திக்கே சம்பந்தியா?" என்று அவர் கேட்க, கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துத் தீர்த்தார்களாம். குறடுக்காரர் கண்ணை இறுக மூடித் திறந்தார். நாளைக்கு அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. போகட்டும்.

கண்டக்டர் ஏணியைப் பிடித்தார். குறடுக்காரர் நகக்கண் முனையை உள்ளே நுழைத்துத் திருகினார். அந்தப் பக்கம் செம்பை நுழைத்துத் திருகினார். அடுத்த வயருக்கும் அப்படியே. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தார். எதையும் ஒரு தடவையில் நம்புகிற ஆள் இல்லை அவர். பெண்டாட்டியை மெயினைப் போடச் சொல்லி, எல்லா விளக்கும் எரிய, இஸ்திரிப் பெட்டி கொதிக்க, ஏணி மேலேயே நின்று இரண்டு கனெக்டரையும் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்தே கிடந்தது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மகள் பையும் கையுமாகத் திரும்பி வந்தபோது நாலு பெரியவர்களும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னப்பா ஆச்சு? மாமா, நீங்க எப்ப வந்தீங்க?"

"உங்க அப்பா கூப்பிட்டாரு, வந்தேன்" என்றார் கண்டக்டர். குறடுக்காரர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். பெண்டாட்டி அவர் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"சரி, எல்லாரும் வெளிய போங்க. கூரைத் தூசு பூரா துணி மேல விழுது" என்று மகள் துடைப்பத்தை எடுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு சம்பந்தி வீட்டு வாசலில் வண்டி நின்றது. முன் அறை விசிறியை மாட்ட, கண்டக்டரே ஏணியைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். குறடுக்காரர் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டு நின்றார். ஒரு காலைத் தூக்கினார், வைத்தார். திரும்பித் தெருவைப் பார்த்தார். நிஜமாகத்தான் கூப்பிடுகிறார்களா என்று இன்னும் ஒரு சந்தேகம்.

உள்ளேயிருந்து கண்டக்டர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க! உள்ள நிறைய எடம் இருக்கு!"

குறடுக்காரர் உள்ளே போனார்.