அறிவு பெயரில் ஓடிய கார்

கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவனுக்கு ரேஸ் கார் வராது என்று யார் சொன்னார்களோ, சரியாகத்தான் சொன்னார்கள். அசோகன் முதல் தடவை உட்கார்ந்தபோது கம்ப்யூட்டரில் தெரிந்த காரைக் கொண்டுபோய் நேராகச் சுவரில் சாத்தினான். இரண்டாவது தடவையும் அதே சுவர்தான்.

திருவொற்றியூரில் அபின் நடத்திய பிரவுசிங் சென்டரின் கடைசித் தடுப்பில், மேஜையோடு முடுக்கியிருந்த அந்த ஸ்டீயரிங் அசோகனின் தம்பி அறிவுடையது. பர்மா பஜாரில் பழசாக வாங்கியது. எண்ணூரில் ஃபவுண்டரி வேலை முடிந்ததும் அறிவு வீட்டுக்குப் போகமாட்டான், இங்கேதான் வருவான். இன்டர்நெட்டில் வெளிநாட்டுக்காரர்களோடு கார் பந்தயம். அவரவர் இடத்திலிருந்தே ஓட்டலாம். பந்தயத்துக்குப் பந்தயம் பாயின்ட். அந்த 2008-இல் ஒரே ஒரு பந்தயம் பாக்கி இருக்கையில், எல்லோருக்கும் மேலே நின்ற பெயர் அறிவு.

அப்புறம் அறிவு செத்துப்போனான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், பைக்கில். முன்னால் போன டிரெய்லருக்கு ஹாரன் அடித்தான், லைட் அடித்தான். அந்தப் பாவி சைடு கொடுக்கவில்லை. கிடைத்த இடுக்கில் புகுந்தவனைக் கண்ணாடியில்கூடப் பார்க்காமல் அணைத்து நசுக்கிவிட்டான்.

அசோகனும் அதே ரோட்டில், அதே மாதிரி வண்டி ஓட்டுகிறவன். அதன்பின் பின்னால் யார் லைட் அடித்தாலும், ஓட்டை ஸ்கூட்டரே ஆனாலும், இடப்பக்கம் ஒதுங்கி, ஜன்னல் வழியே கையை நீட்டி, போ போ என்று வீசிவிடுவான். கூட ஓட்டும் எத்திராஜ், "ஹார்பருக்குப் போறியா, ஊர்கோலம் போறியா மாமு?" என்று கிண்டலடித்தான். அசோகன் சிரிக்கவும் இல்லை, மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அறிவின் படத்திறப்பு முடிந்த வாரம் அசோகன் அபினைத் தேடி வந்தான்.

"அவன் பேரு மேல கீதுன்னியே. கடைசி ரேஸு ஓட்டலைன்னா இன்னா ஆவும்?"

"ரெண்டாவது ஆளு ஜெயிச்சா மேல பூடுவாண்ணே. ரேஸ இப்ப ரெண்டு மாசம் தள்ளி வெச்சிட்டாங்க. பத்தாவதா வந்தாக்கூட ஒரு பாயின்ட்டு வரும். அது போதும், அறிவுதான் சாம்பியன்."

"அப்ப நான் ஓட்றேன். அவன் பேர்லயே. விஷயத்த யாருக்கும் சொல்லாத."

தப்புதான். அபினுக்கும் தெரியும், அசோகனுக்கும் தெரியும். ஆனால் ரேஷன் கார்டில் தம்பி பெயரை அடித்தாயிற்று. ஃபவுண்டரியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இந்த ஒரு இடத்தில்தான் அறிவு இன்னும் உயிரோடு இருந்தான், அதுவும் எல்லோருக்கும் முன்னால். அதைப் பறிகொடுக்க அசோகனுக்கு மனசு வரவில்லை.

லோடு இறக்கிய நாளெல்லாம் வந்து பழகினான். வளைவு கண்ணில் படுவதற்குள் பிரேக்கில் கால் போகும். "அண்ணே, இதுக்குப் பின்னால நாப்பதடி பொட்டி கெடையாதுண்ணே" என்று அபின் தலையில் அடித்துக்கொள்வான். மெல்ல மெல்லச் சுவரில் மோதுவது நின்றது.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அசோகன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்தான். முன்னால் பறந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியேற, வேகமே இல்லாத இவன் தப்பிப் பிழைத்துக் கடைசி ரவுண்டில் பத்தாவதாக வந்துகொண்டிருந்தான்.

"போதும்ணே, அப்டியே புட்சிகினு போ!" அபின் நாற்காலிக்குப் பின்னால் நின்று குதித்தான்.

பதினொன்றாவதாக ஒட்டிக்கொண்டு வந்தவன் நுனோ. போர்ச்சுகல்காரன், வாராவாரம் அறிவோடு மல்லுக்கட்டியவன். பந்தயத்துக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. கடைசி வளைவில், திரையின் மேலே இருந்த சின்னக் கண்ணாடியில், நுனோவின் லைட் விட்டு விட்டு அடித்தது.

அசோகன் யோசிக்கவே இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தானாக எழுந்தது. கார் இடப்பக்கம் ஒதுங்கியது. வலது கை ஸ்டீயரிங்கை விட்டுத் தடுப்புக்கு வெளியே நீண்டு, போ போ என்று வீசியது.

நுனோ போய்விட்டான்.

"அண்ணே! இன்னாண்ணே பண்ட்ட!"

நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அசோகன் திரையைப் பார்த்தான். பதினொன்று. கொஞ்ச நேரத்தில் மொத்தப் பாயின்ட்டும் வந்தது. பந்தயத்தை ஜெயித்த வேறொருவன் மேலே ஏறியிருக்க, அறிவின் பெயர் இரண்டாவதாக இருந்தது.

"நானே எறக்கிட்டேன்டா அவன," என்றான் அசோகன்.

திரையின் ஓரத்தில் ஏதோ எழுத்து வந்து நின்றது. அபின் குனிந்து படித்தான்.

"நுனோ கேக்கறாண்ணே. அறிவு ஒரு நாளும் எனக்கு வழி வுட்டதில்ல, நீ யாரு, அறிவு எங்கன்னு."

வீட்டில் அம்மாவிடமும் லாரி ஷெட்டிலும், தம்பி இல்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அசோகன் வாயிலிருந்து வந்ததில்லை. கடல் தாண்டி இருக்கும் எவனோ ஒருவன் இப்போது நேராகக் கேட்டுவிட்டான்.

"அவன் அண்ணன்னு போடு."

அபின் தட்டினான். "அப்பால?"

"ரோட்ல லைட்டு அடிச்சான்... சைடு குடுக்கல. செத்துட்டான்னு போடு."

அபினின் விரல்கள் தயங்கின.

"போட்றா. செத்துட்டான். எந் தம்பி செத்துட்டான்."

தம்பியின் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, சென்டரில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, அசோகன் அன்றுதான் வாய்விட்டு அழுதான்.