அடங்காத பச்சைப் படிகம்

அர்ஜென்டினாவின் பரிலோச்சே ஆய்வகத்தில் நெலிடாவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கடுங்குளிரில் ஒரு படிகத்தின் அணுக்காந்தங்கள் அணிவகுத்து நின்றுவிட்டால், அதிலுள்ள செம்பு அணுக்கருவின் சமிக்ஞைக் கோடு பிளக்கும். அவளுடைய பச்சைப் படிகமோ ஒரு வாரமாகியும் அடங்கவில்லை; கோடு ஒற்றையாகவே நின்றது. எந்தக் குளிரிலும் அணிவகுக்காத படிகம் என்றால் பெரிய கண்டுபிடிப்பு!

"பேப்பர்ல எம் பேரையும் சேத்துக்க தாயே," என்றான் கூட்டாளி ஓரெஸ்தே, குழலில் மாத்தே தேநீரை உறிஞ்சியபடி.

படிகத்தை எடுக்க, அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளைப் பிரித்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"அடப்பாவி! அப்போ சிக்னல் எங்கேருந்துடா வந்துச்சு?"

"சுருள்லேருந்துதான். அதுவும் செம்பாச்சே."

அவள் சுற்றுமுற்றும் தேடினாள். "அப்போ படிகம்?"

போன வாரம் அதைப் பொருத்திய மேசையில், மாத்தே இலைத்தூள் டப்பா மூடியில்லாமல் இருந்தது. தூளும் பச்சைதான். முக்கால்வாசி காலி.

ஓரெஸ்தே குழலை வாயிலிருந்து மெல்ல எடுத்தான்.