ஏழு டிகிரிக்குக் குறையாத கோபம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதித்து நம்பர் பலகையில் வட்டமாக ஒரு வில்லை ஒட்டுகிறார்களே, அந்த வில்லையின் மேல் வலது கையை வைத்துச் செய்கிற சத்தியம் இது. எங்கள் ஷ்வேபிய மலைநாட்டில் இதற்கு மேல் சத்தியம் கிடையாது. பைபிள் மேல் கை வைத்துப் பொய் சொன்னவர்கள் இங்கே உண்டு. வில்லை மேல் வைத்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஹிண்டர்ஹால்டன் ஊரில் ஃபோல்க்மார் ஹெபர்லெ என்றொரு கோபக்காரன். மலைக்குக் கீழே பல்சக்கர ஆலையில் முப்பத்தொரு வருஷமாக வேலை. குளிர்காலத்தில் அவனோடு வேலை செய்கிறவர்கள் நனைந்த கையுறையை ஹீட்டர் மேல் போடமாட்டார்கள். ஃபோல்க்மாரிடம் போய், "நெடுஞ்சாலைல வேகத்துக்கு வரம்பு வைக்கப் போறாங்களாமே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவன் முதுகுப் பக்கம் கையுறையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரு ஜனவரியில் வேலி விஷயமாகப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வந்தபோது வசந்தத்தில் பூக்க வேண்டிய வேலி ஓரத்து டியூலிப் அத்தனையும் பூத்துவிட்டன. அதற்காகவே அவர் அடுத்த ஜனவரியிலும் வேலியை ஒரு சாண் நகர்த்தினார்.

அவன் மனைவி ரோஸ்வித்தா அதே பள்ளத்தாக்கில் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். பத்தொன்பது வருஷம் இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போனார்கள். மலை இறக்கத்தில் ஏழு வளைவு. முதல் வளைவில் ரோஸ்வித்தா மடியிலிருக்கிற காகிதப் பையைப் பிரிப்பாள். இரண்டாவது வளைவு தாண்டியதும் வெண்ணெய் தடவிய பிரெட்சல் என்கிற முடிச்சு ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவன் கையில் வைப்பாள். உப்பு அதிகமிருக்கிற பாதியைத்தான் கொடுப்பாள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

போன ஆகஸ்டில் அது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நல்ல மழை. நாலாவது வளைவு முடிகிற இடத்தில் தீயணைப்புப் படையின் விழா. ஃபோல்க்மார் பிரேக்கை மிதித்தான். கார் யோசித்தது. யோசித்துக்கொண்டே இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே வழுக்கிப் போய், வாத்தியக் குழுவில் டியூபா ஊதுகிற லோரென்ஸின் கோட்டுப் பித்தானை பம்பரால் தொட்டுவிட்டு நின்றது. டியூபா என்பது அண்டா அளவுப் பித்தளைக் குழல். அதைக் கட்டிப்பிடித்திருக்கிறவன் நினைத்தாலும் ஓட முடியாது. லோரென்ஸ் ஊதுவதை நிறுத்தவில்லை. சுருதி மட்டும் அரைக் கட்டை ஏறியது.

ரோஸ்வித்தா இறங்கினாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் ஃபோல்க்மாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள்.

"இந்தக் கார் அது நினைச்ச இடத்துல நிக்குது, ஃபோல்க்மார். நான் சொல்ற இடத்துல எப்ப நிக்குதோ அப்ப ஏறுறேன்."

மறுநாளிலிருந்து அவள் தன் அண்ணன் எக்பெர்ட்டின் வேனில் போனாள். எக்பெர்ட்டுக்குப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் வியாபாரம். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் கோஸ் நெடி முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள். எக்பெர்ட் வேனைவிட்டு இறங்காமலே கத்துவான்: "மாப்ள, வழுக்குற உன் சோப்புக்கட்டி கார் சௌக்கியமா? எனக்குக் குளிக்கணும்னா சொல்றேன், கடன் குடு!"

ஃபோல்க்மார் அன்றைக்கு முடிவு செய்தான். வரும் கோடைக்கு இந்த நாட்டிலேயே மழைத்தரையில் முதலில் நிற்கிற டயர் எதுவோ, அது தன் காரில் இருக்கும்.

குளிர்காலம் முழுக்க டயர் பரீட்சை முடிவுகளைப் படித்தான். படிக்கப் படிக்கக் கோபம். ஒரு பத்திரிகையில் முதலாவதாக வந்த டயர் இன்னொன்றில் ஏழாவது. ஈரத்தில் நன்றாக நிற்பது சீக்கிரம் தேய்கிறது; தேயாதது ஈரத்தில் நிற்பதில்லை; இரண்டும் சரியாக இருப்பது காதைக் கிழிக்கிறது. அந்தக் குளிர்காலம் அவர்கள் வீட்டில் விறகு வாங்கவில்லை.

மார்ச் மாதம் டயர் கடைக்குப் போனான். கடை கிம்லிங் அம்மாளுடையது. கடைக்குப் பின்னால் அவர் டயர் விடுதியும் நடத்திவந்தார். ஊர்க்காரர்களின் கோடை டயர்கள் குளிர்காலத்திலும், குளிர்கால டயர்கள் கோடையிலும் அங்கே பெயர்ச்சீட்டோடு வரிசையாகப் படுத்து ஓய்வெடுக்கும். வருஷத்தில் ஆறு மாதம் லீவு தனக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை என்பது ஃபோல்க்மாரின் இன்னொரு கோபம்.

"தினம் எவ்வளவு ஓட்டுவீங்க, ஹெபர்லெ சார்?"

"நாப்பத்தாறு கிலோமீட்டர்."

"பந்தயத் தடத்துக்கெல்லாம் போறதுண்டா?"

"பல் டாக்டர் வாசல் வரைக்கும் போறதுண்டு. போயிட்டிருந்தேன்."

கிம்லிங் அம்மாளுக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும். மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"இது காஞ்ச ரோட்டுக்கு ராஜா. வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகும். ஆனா நூறைத் தாண்டினா குளவிக்கூடு மாதிரி இரையும், வீட்டம்மா பேசறது காதுல விழாது. சில பேர் அதுக்காகவே வாங்குறாங்க."

"எனக்கு விழணும். அடுத்தது?"

"இது அஞ்சு கோடை உழைக்கும். மழையில மட்டும் மூணு மீட்டர் தள்ளி நிக்கும்."

"மூணு மீட்டர்னா?"

"லோரென்ஸ், லோரென்ஸ் பொண்டாட்டி, அவங்க நாய்."

ஃபோல்க்மாரின் காது சிவந்தது. கிம்லிங் அம்மாள் சட்டென்று மூன்றாவது டயரைத் தட்டினார்.

"இது மெத்து ரப்பர். ஈரத்துல அடிச்சா ஆணியடிச்ச மாதிரி நிக்கும். ஆனா ரெண்டே கோடைல தேஞ்சிடும்."

"தேயட்டும். சனிக்கிழமை மாட்டிடுங்க. ஞாயித்துக்கிழமை ஈஸ்டர்."

"சார், இது கோடை ரப்பர். ஏழு டிகிரிக்குக் கீழே போனா கட்டையா விறைச்சிடும். இந்த வருஷம் ஈஸ்டர் மார்ச்சுலயே வந்து தொலைச்சிருக்கு. ஏப்ரல் பாதி போகட்டும், வாங்க."

"அக்டோபர்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் குளிர்கால டயர். ஈஸ்டர்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் கோடை டயர். எங்கப்பா அப்படித்தான் மாத்தினார். இந்த நாடே அப்படித்தான் மாத்துது!"

"ஈஸ்டரை நிலாவைப் பாத்து வைக்கிறாங்க சார். டயருக்கு நிலா தெரியுமா?" என்றார் கிம்லிங் அம்மாள். அதோடு விட்டிருக்கலாம். "இவ்வளவு தொல்லை வேணாம்னா, நாலு பருவத்துக்கும் சேத்து ஒரே டயர் இருக்கு. மாட்டினா மாட்டினதுதான். மாத்தவே…"

ஈஸ்டர் பரிசாக வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க மேசை மேல் வரிசையாக வைத்திருந்த சாக்லேட் முயல்கள் ஒவ்வொன்றாகக் காதைத் தொங்கப்போட்டன.

"நாலு பருவத்துக்கு ஒரே டயரா? கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே கோட்டா? அது முதுகெலும்பு இல்லாதவன் போடுற டயர், அம்மா! என் கார்ல அது ஏறுச்சுன்னா அன்னிக்கு நான் ஹெபர்லெ இல்லை!"

"சனிக்கிழமை காலைல எட்டரைக்கு வாங்க," என்றார் கிம்லிங் அம்மாள், முயல்களைக் கரண்டியால் வழித்தபடி.

ஈஸ்டர் காலை உணவில், பின்னல் ரொட்டியை அறுத்துக்கொண்டே ரோஸ்வித்தா சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை வேலைக்கு உன்கூட வர்றேன். ஒரே ஒரு தடவை. நில்லுன்னா நிக்கணும். நிக்கலைன்னா, ஓய்வு பெறுற வரைக்கும் எனக்கு எக்பெர்ட் வேன்தான்."

செவ்வாய்க்கிழமை காலை ஃபோல்க்மார் கதவைத் திறந்தான். ஊர் வெள்ளையாக இருந்தது. ஒரு சாண் பனி.

அவன் வாயைத் திறக்குமுன் வேன் வந்து நின்றது. எக்பெர்ட் கண்ணாடியை இறக்கினான்.

"மாப்ள! கோடை வந்தாச்சு போலயே. நீச்சல் டவுசர் எங்கே?"

"வாயை மூடு, மச்சான்."

"அசல் சோப்பு நாலு வாங்கி மாட்டியிருக்கியாம்ல? என் வண்டில குளிர்கால டயர், கண்ணு. எனக்கு வயிறும் பெருசு, மூளையும் பெருசு. ரோசி, ஏறு. ஒரு பீப்பாயை இறக்கிட்டு உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்."

ரோஸ்வித்தா இருவரையும் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமைன்னு சொன்னேன். இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். மடியில் காகிதப் பை. வாய் மடித்தபடியே இருந்தது.

வெளி வெப்பம் மைனஸ் ஒன்று என்றது காரின் திரை. ஃபோல்க்மார் கிளப்பினான். கார் முன்னால் போகாமல் பக்கவாட்டில் போய்ப் பழைய காகிதத் தொட்டியைக் கும்பிட்டது. பின்னால் வேனில் எக்பெர்ட் சிரிக்கிற சத்தம்.

அப்போது வந்தது கோபம். முதலில் பனி மேல் வந்தது. பிறகு ஈஸ்டரை மார்ச்சில் வைத்த பாதிரிமார்கள் மேல், அதற்குக் காரணமான நிலா மேல், முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிட்ட கிம்லிங் அம்மாள் மேல். கடைசியாக, நாடு நாடு என்று கத்திய தன் மேலேயே வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் சூடு. திரையில் எண் நகர்ந்தது. இரண்டு. ஐந்து. ஏழு. ரப்பர் மெத்தென்று இளகித் தரையைக் கவ்வியதை ரோஸ்வித்தா தன் இருக்கையிலேயே உணர்ந்தாள். கார் ஆவி பறக்க இறங்கியது. அது போன தடத்தில் இரண்டு கறுப்புக் கோடுகளாகத் தார் காய்ந்து கிடந்தது.

காய்ந்த தடத்திலேயே சொகுசாகப் பின்னால் வந்த எக்பெர்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாவது வளைவில் முந்தப் பார்த்தான். தடத்தை விட்டு விலகிய வேன் அரை வட்டம் சுற்றி, பள்ளத்தில் அமைதியாக உட்கார்ந்துகொண்டது. ஒரு பீப்பாய் மட்டும் தனியாகப் பயணத்தைத் தொடர்ந்தது.

கண்ணாடியில் இதைப் பார்த்த ஃபோல்க்மார் சிரித்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். பக்கத்தில் மனைவி, பின்னால் பள்ளத்தில் மச்சான். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

எண் இறங்கியது. ஒன்பது. ஆறு. நாலு. ஸ்டியரிங் கையில் தளர்ந்து மிதந்தது. நாலாவது வளைவு எதிரே வந்தது. அது முடிகிற இடத்தில், பேருந்துக்குக் காத்துக்கொண்டு, முதுகில் டியூபாவோடு லோரென்ஸ் நின்றிருந்தான்.

ரோஸ்வித்தா திரையைப் பார்த்தாள். கணவனின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். லோரென்ஸைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். புரிந்துகொள்ள அரை விநாடிதான் ஆனது.

"ஃபோல்க்மார்."

"சொல்லு ரோசி!"

"எக்பெர்ட் உன்னைவிட நல்லா ஓட்டுறான்."

எண் எட்டுக்கு ஏறியது.

"உங்கம்மா பண்ற உருளைக்கிழங்கு சாலட் வாயில வைக்க முடியாது. நான் எப்பவும் ஜன்னல் வழியா எறிஞ்சிருவேன்."

பதினைந்து. "என்னது?" என்றான் ஃபோல்க்மார்.

"பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தினது ஒரு சாண் இல்லை, ரெண்டு சாண். நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். டியூலிப் அழகா இருக்குமேன்னு சொல்லலை."

இருபத்து மூன்று. சாலையோரப் பனி சலசலவென்று ஓடையாக இறங்கியது.

"நில்லு!"

நின்றது. ஆணியடித்த மாதிரி நின்றது. லோரென்ஸின் பித்தானுக்கும் பம்பருக்கும் நடுவே முழுசாக ஒரு கை இடம் இருந்தது. லோரென்ஸ் கழுத்துத் துண்டை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு, "இன்னிக்கு வெயில் அதிகம்," என்றான்.

"நான் சொன்ன இடம் இதுதான்," என்றாள் ரோஸ்வித்தா. பையைப் பிரித்தாள். பிரெட்சலைப் பிய்த்து, உப்பு அதிகமிருந்த பாதியை அவன் கையில் வைத்தாள்.

"வேலி விஷயம் நெசமா?" என்றான் அவன்.

"சாப்பிடு. இன்னும் மூணு வளைவு இருக்கு. மீதியை வழியில சொல்றேன்."

ஏப்ரல் பாதி வரை, வெயில் தானாகவே ஏழு டிகிரியைத் தாண்டுகிற வரைக்கும், அவள் தினம் காலையில் ஒரு பிரெட்சலும் ஒரு புது உண்மையும் கொண்டுவந்தாள். இருபத்தெட்டு வருஷத்துச் சரக்கு. கையிருப்பு தீரவே இல்லை. எக்பெர்ட்டின் வேனில் அவள் அதன் பிறகு ஏறவில்லை.

சத்தியம் செய்த கையை வில்லையிலிருந்து எடுத்தாயிற்று, இனி உண்மையைச் சொல்லலாம்: ஹெபர்லெ வீட்டுக் கார், வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை, நாலு பருவத்துக்குமான ஒரே டயரில்தான் ஓடுகிறது.